ஃபண்ட் மேனேஜர்கள்: நடத்தையும் வருமானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஃபண்ட் மேனேஜர்கள் சந்தையை ஜெயிக்கிறார்களா?

செலவு போக, நீண்ட காலத்தில், பெரும்பாலானவர்கள் ஜெயிப்பதில்லை. இதை முதலில் ஒழுங்காக அளந்து காட்டியவர்களில் ஒருவர் மைக்கேல் ஜென்சன். 1945 முதல் 1964 வரையிலான தரவுகளைக் கொண்டு 115 அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளை ஆராய்ந்தார். ஒவ்வொரு ஃபண்டும் எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு வருமானம் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்ததை அதன் பக்கத்தில் வைத்தார். 1968இல் வெளியான முடிவு இதுதான்: சராசரி ஃபண்ட் அந்த அளவை எட்டவில்லை. செலவுகளைத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தாலும் கையில் மிச்சம் எதுவும் நிற்கவில்லை. அந்த மிச்சத்தைத்தான் இன்று எல்லோரும் ஆல்ஃபா என்கிறோம்.

அதற்குப் பிறகு வந்த கணக்குகளும் பெரிதாக மாறவில்லை. ஃபண்டுகளின் வருமானத்தைக் குறியீட்டோடு (சந்தைப் பங்குகளைத் தொகுத்துக் காட்டும் அளவு) ஒப்பிட்டு எஸ் அண்ட் பி நிறுவனம் 2002 முதல் வெளியிட்டுவரும் ஸ்பைவா அறிக்கையில், ஒரு வருடக் கணக்கில் தோற்பவர்களின் விகிதம் ஏறி இறங்கும். சில வருடங்களில் பாதிப் பேருக்கு மேல் ஜெயிப்பதும் உண்டு. 15 வருடக் கணக்குக்குப் போனால், அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்கு ஃபண்டுகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது குறியீட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. காலம் நீள நீள நிலைமை மோசமாவதற்குக் காரணம் எளிது. அதிர்ஷ்டம் ஒரு வருடம் வரும், மறுவருடம் போகும். செலவு ஒரு நாள்கூட லீவு எடுப்பதில்லை.

இவ்வளவு படிப்பு, இவ்வளவு தகவல் இருந்தும் ஏன் தோற்கிறார்கள்?

எதிரில் உட்கார்ந்திருப்பவரும் அதே படிப்பும் அதே தகவலும் உள்ளவர் என்பதால்தான். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் விற்கிறார். அவரும் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்.

வில்லியம் ஷார்ப் 1991இல் இதை வெறும் கூட்டல் கழித்தலாகவே காட்டினார். சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளும் இரண்டு கூட்டத்தாரிடம் இருக்கின்றன. ஒரு கூட்டம் குறியீட்டை அப்படியே வைத்திருக்கிறது. மற்றது பொறுக்கி எடுக்கிறது. முதல் கூட்டத்துக்குச் சந்தை வருமானமே கிடைக்கிறது. அப்படியானால் இரண்டாவது கூட்டத்துக்கும், மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், செலவுக்கு முன் அதே சந்தை வருமானம்தான் கிடைத்தாக வேண்டும். இந்தக் கூட்டத்தின் செலவு அதிகம் என்பதால், செலவுக்குப் பின் சராசரியாகக் கீழே போகிறது. இதில் யாருடைய அறிவையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் திறமைசாலிகளாக ஆக, ஒருவர் மற்றவரிடமிருந்து பறிக்கக்கூடியது குறைகிறது.

ஒரு சின்ன விலக்கு உண்டு. குறியீட்டில் நிறுவனங்கள் சேரும்போதும் விலகும்போதும், புதுப் பங்குகள் வெளியாகும்போதும், குறியீட்டை அப்படியே வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் வாங்கி விற்றாக வேண்டும். அந்த இடைவெளியில் பொறுக்கி எடுப்பவர்களுக்கு லாபம் வர வழி இருக்கிறது என்று லாசே பெடர்சன் 2018இல் சுட்டிக்காட்டினார். சரியான வாதம். ஆனால் வழக்கமான கட்டணங்களை ஈடுகட்டும் அளவுக்கு அந்த இடைவெளியை எல்லோரும் நம்பியிருக்க முடியாது.

ஒன்றரை சதவீதம் கூடுதல் செலவு அவ்வளவு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஃபண்டுகளும் செலவுக்கு முன் வருடம் 8% ஈட்டுகின்றன. ஒன்றின் செலவு விகிதம் 0.2%, மற்றதன் செலவு விகிதம் 1.7%. இரண்டிலும் 100 போட்டு 20 வருடம் விட்டால், முதலாவது சுமார் 449 ஆகிறது. இரண்டாவது சுமார் 339. போட்ட முதலைவிடப் பெரிய தொகை நடுவில் காணாமல் போயிருக்கிறது.

செலவு விகிதத்தில் வராத செலவும் இருக்கிறது. தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, பெரிய ஆர்டர் போடும்போது தன் ஆர்டராலேயே விலை நகர்வது ஆகியவை எல்லாம் நேராக என்ஏவியிலிருந்து (ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பு) போகும், தனி வரியாகத் தெரியாது. இதற்கு மறைமுக அடையாளம் டர்ன்ஓவர் விகிதம். 100% என்றால் சராசரியாக ஒரு பங்கை ஒரு வருடம் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். 300% என்றால் நான்கு மாதம். “நாங்கள் நீண்டகால முதலீட்டாளர்கள்” என்ற விளம்பர வாசகத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரு மேனேஜர் ஐந்து வருடம் தொடர்ந்து பெஞ்ச்மார்க்கை (ஒப்பிட வைத்த குறியீட்டை) ஜெயித்திருக்கிறார். அது திறமைதானே?

இருக்கலாம். ஆனால் ஐந்து வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். பெரும்பாலான ஜாதகங்கள் முதல் சோதனையிலேயே படுத்துவிடும்.

முதலில், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஈவுத்தொகை சேராத விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டிருந்தால், ஃபண்டுக்கு வந்த ஈவுத்தொகை முழுவதும் திறமை என்று வேஷம் போடும். சந்தையின் ஈவு விகிதம் 1.5% என்றால், வருடத்துக்கு 1.5% சும்மா கிடைத்த மதிப்பெண். மொத்த வருமானக் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். சிறிய நிறுவனங்களை வாங்கிவிட்டுப் பெரிய நிறுவனக் குறியீட்டோடு ஒப்பிடுவதும் இதே ரகம்.

அடுத்தது ரிஸ்க். ஒரு ஃபண்டின் பீட்டா (சந்தை 1% நகர்ந்தால் ஃபண்ட் எவ்வளவு நகரும் என்ற அளவு) 1.2 என்று வைத்துக்கொள்வோம். சந்தை 15% ஏறியது, ரிஸ்க் இல்லாத வட்டி 5%. அந்தப் பீட்டாவுக்கு வந்திருக்க வேண்டியது 5 + 1.2 × (15 − 5) = 17%. ஃபண்ட் 17% கொடுத்திருந்தால், சந்தையை 2% ஜெயித்ததாக விளம்பரம் வரும், ஆல்ஃபா பூஜ்யம். சந்தை இறங்கும்போது அதே பீட்டா கூடுதலாக அடிக்கும்.

மூன்றாவது, அதிர்ஷ்டத்தைக் கழிப்பது. இதற்கு இரண்டு எண்கள் போதும்: பெஞ்ச்மார்க்கைவிட வருடத்துக்குச் சராசரியாக எவ்வளவு கூடுதல், அந்தக் கூடுதல் வருடத்துக்கு வருடம் எவ்வளவு ஆடுகிறது. இரண்டாவதற்கு டிராக்கிங் எரர் என்று பெயர். கூடுதல் 2%, டிராக்கிங் எரர் 6% என்றால், ஒன்றை மற்றதால் வகுத்து 0.33. இதை வருடங்களின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். விடை 2ஐத் தொட்டால்தான் புள்ளியியலில் நம்பத் தொடங்குவார்கள். ஐந்து வருடத்துக்கு வருவது 0.75 தான். 2ஐத் தொட 36 வருடம் ஆகும். வருடம் 2% கூடுதல் என்பது உண்மையிலேயே அபாரமான திறமை. அப்படிப்பட்டவரையும் எண்களை மட்டும் வைத்து உறுதிப்படுத்த அவர் ஓய்வு பெறும் வயதாகிவிடும்.

அந்த 2 என்ற அளவுகோலும் ஒரே ஒருவரை முன்கூட்டியே தேர்ந்து சோதிக்கும்போதுதான் பொருந்தும். 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டினால், சராசரியாக ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழும். பத்து வருடம் கழித்து பட்டியலின் உச்சியிலிருந்து ஒருவரைப் பொறுக்குவதும் இதுதான். யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 1984 முதல் 2006 வரையிலான அமெரிக்க ஃபண்டுகளின் வருமானப் பரவலை, யாருக்கும் திறமையே இல்லாத உலகில் வந்திருக்கும் பரவலோடு ஒப்பிட்டார்கள். செலவை ஈடுகட்டும் அளவுக்குத் திறமை மிகச் சிலரிடமே தெரிந்தது. செலவைக் கூட ஈட்டாதவர்கள் அதைவிட நிறைய.

பில் மில்லர் நடத்திய லெக் மேசன் வேல்யூ டிரஸ்ட், 1991 முதல் 2005 வரை 15 வருடம் தொடர்ந்து எஸ் அண்ட் பி 500 குறியீட்டை ஜெயித்தது. 2008இல் குறியீடு 37% இறங்கியபோது அந்த ஃபண்ட் 55% இறங்கியது. விலை விழும்போது மேலும் வாங்குவது அவருடைய வழி. முந்தைய சரிவுகளில் அது பலித்தது, நிதி நிறுவனங்களே திவாலான வருடத்தில் பலிக்கவில்லை. 55% இழந்த பணம் பழைய இடத்துக்கு வர 122% ஏற வேண்டும்.

முதலிடம் பிடித்த ஃபண்ட் அடுத்த வருடங்களில் ஏன் சறுக்குகிறது?

மார்க் கார்ஹார்ட் 1997இல் இதற்குக் கொடுத்த விடை இன்னும் நிற்கிறது. நேற்றைய வெற்றியாளர்கள் இன்றும் கொஞ்சம் நன்றாகச் செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் கையில் ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கும் பங்குகள் இருப்பதுதான். அந்த வேகம் ஒரு வருடத்தில் அடங்கிவிடும், ஃபண்டும் கூட்டத்தோடு கலந்துவிடும். நீடிப்பது தோல்விதான். அடிமட்டத்தில் இருக்கும் ஃபண்டுகள் அங்கேயே கிடக்கின்றன. அதைப் பங்குகளின் வேகத்தாலும் செலவாலும் மட்டும் முழுதாக விளக்க முடியவில்லை.

இதோடு பணம் வந்து சேரும் நேரமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு ஃபண்டில் 10 கோடி இருக்கிறது. முதல் வருடம் 60% ஏறி 16 கோடி ஆகிறது. பட்டியலில் முதலிடம், பேட்டிகள், புதிதாக 90 கோடி வருகிறது. இப்போது 106 கோடி. இரண்டாம் வருடம் 30% இறக்கம், மிச்சம் 74.2 கோடி. ஃபண்டின் தாளில் 1.6 × 0.7 = 1.12, அதாவது இரண்டு வருடத்தில் 12% லாபம். வருடத்துக்குச் சுமார் 5.8% என்று அச்சிடலாம், பொய்யும் இல்லை. உள்ளே பணம் போட்டவர்கள் மொத்தம் 100 கோடி போட்டு 25.8 கோடி இழந்திருக்கிறார்கள். ஆர்க் இன்னவேஷன் ஃபண்ட் 2020இல் சுமார் 150% ஏறி, 2022இல் சுமார் 67% இறங்கியபோது நடந்ததும் இந்த வகைதான். பெரும் பணம் ஏற்றத்துக்குப் பிறகே உள்ளே வந்தது.

ஆகவே ஒரு மேனேஜரைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு வருமானங்களையும் கேளுங்கள்: ஃபண்டின் வருமானம், பணம் போட்டவர்களின் வருமானம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த ஃபண்ட் ஆட்டம் அதிகமானது. கையில் வைத்துக்கொண்டு தூங்க முடியாதது.

ஃபண்ட் பெரிதானால் என்ன கெடும்?

வாங்கவும் விற்கவும் முடியாமல் போகும். 1,000 கோடி ஃபண்ட் ஒரு சிறிய நிறுவனத்தில் 2% போட்டால் 20 கோடி. அந்தப் பங்கில் ஒரு நாள் வர்த்தகம் 10 கோடி என்றும், விலையைக் கெடுக்காமல் அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வாங்கலாம் என்றும் வைத்துக்கொண்டால், நாளுக்கு 2 கோடி. பத்து நாளில் வேலை முடிந்தது. அதே ஃபண்ட் 20,000 கோடி ஆனால், 2% என்பது 400 கோடி. 200 வர்த்தக நாட்கள், ஏறத்தாழ பத்து மாதம். அதற்குள் வாங்க நினைத்த காரணமே காலாவதி ஆகியிருக்கும். வெளியே வரும்போதும் அதே பத்து மாதம்.

மேனேஜருக்கு மூன்று வழிகள்தான். பெரிய நிறுவனங்களுக்கு மாறலாம். அங்கே அவருடைய பழைய திறமை பயன்படாது. பங்குகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 120 ஆக்கலாம். 120ஆவது யோசனை முதல் யோசனை போல இருக்காது. அல்லது கதவைச் சாத்தலாம். ரெனசான்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் மெடாலியன் ஃபண்ட் 1993இலேயே புதிய வெளியாருக்குக் கதவைச் சாத்திவிட்டது. கட்டணத்தில் வாழும் நிறுவனம் கதவைச் சாத்துவது அபூர்வம். சாத்தினால் கவனியுங்கள்.

ஜோனதன் பெர்க்கும் ரிச்சர்ட் கிரீனும் 2004இல் இதையே ஒரு கோட்பாடாக்கினார்கள்: திறமை இருப்பவரிடம் பணம் குவிகிறது, குவியும் பணம் அவருடைய ஆல்ஃபா பூஜ்யமாகும்வரை அமுக்குகிறது. அப்படியானால் திறமையின் பலன் முதலீட்டாளருக்கு வராமல், பெரிய தொகைக்கான கட்டணமாக நிறுவனத்துக்கே போய்ச் சேருகிறது.

எல்லா ஃபண்டுகளிலும் ஏன் அதே பங்குகள்?

வேலை பயம். ஊரோடு சேர்ந்து தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகத் தோற்றால் நாற்காலி போகும். ஜூடித் ஷெவாலியேயும் கிளென் எலிசனும் 1999இல் காட்டியது இதுதான்: இளம் மேனேஜர்கள் சுமாராகச் செய்தால் வேலை போகும் வாய்ப்பு மூத்தவர்களைவிட அதிகம், அதனால் அவர்கள் கூட்டத்தை ஒட்டியே நிற்கிறார்கள். நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவு டிராக்கிங் எரருக்கு உச்சவரம்பு வைத்திருந்தால், குறியீட்டில் 8% எடையுள்ள பங்கைப் பிடிக்காத மேனேஜரும் 6% வைத்திருப்பார். அது அவருக்கு ‘குறைவாக வைத்திருப்பது’. உங்கள் பணத்தில் 6% அவருக்கே பிடிக்காத பங்கில் இருக்கிறது.

சம்பள முறை நடத்தையை எப்படி மாற்றுகிறது?

நிறுவனத்தின் வருமானம் நிர்வகிக்கும் தொகையில் ஒரு சதவீதம். எரிக் சிரியும் பீட்டர் டுஃபானோவும் 1998இல் கண்டதுபோல, உச்சியில் இருக்கும் ஃபண்டுக்குப் பணம் கொட்டுகிறது, அடியில் இருப்பதிலிருந்து அதே வேகத்தில் வெளியேறுவதில்லை. ஆக, பெரிய பந்தயம் ஜெயித்தால் பெரிய லாபம், தோற்றால் சின்ன நஷ்டம். நிறுவனங்கள் ஏன் ஒரே நேரத்தில் பத்து விதத் தீம் ஃபண்டுகளைத் தொடங்குகின்றன என்பதற்கும் இதுவே விடை. ஒன்று பிடித்துக்கொண்டால் போதும். மற்றவற்றைச் சத்தமில்லாமல் இன்னொன்றோடு இணைத்துவிடலாம். இணைத்தபின் அந்த மோசமான வரலாறு பட்டியலில் இருக்காது. மூடிய ஃபண்டுகளைச் சேர்க்காமல் எடுத்த எந்தச் சராசரியும் இதனால் உயர்ந்தே தெரியும்.

வருடத்தின் பாதியில் பின்தங்கிய மேனேஜர்கள் இரண்டாம் பாதியில் ரிஸ்க்கை ஏற்றுகிறார்கள் என்று 1996இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 2001இல் ஜெஃப்ரி புஸ்ஸே தினசரித் தரவை வைத்துப் பார்த்தபோது அந்த விளைவு மறைந்துபோனது. இன்னும் பலர் முதல் ஆய்வை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள்.

பெரும்பாலும் பணக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் திறந்திருக்கும் ஹெட்ஜ் ஃபண்டில் கதை வேறு: பாரம்பரியமாக 2% நிலையான கட்டணம், லாபத்தில் 20%. பழைய உச்சத்தைத் தாண்டினால்தான் அந்த 20% உண்டு. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஃபண்ட் 40% இறங்கிவிட்டால், உச்சத்தைத் தொட 67% ஏற வேண்டும். அதுவரை லாபக் கட்டணம் கிடையாது. அந்த நிலையில் மேனேஜருக்கு இரண்டு ஆசைகள் வரும்: சூதாடுவது, அல்லது மூடிவிட்டுப் புதுப் பெயரில் தொடங்குவது.

ஹெட்ஜ் ஃபண்டுகளாவது நன்றாகச் செய்கின்றனவா?

வாரன் பஃபெட் இதைப் பந்தயமாகவே வைத்தார். 2008 முதல் 2017 வரை பத்து வருடம், ஒரு பக்கம் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட், மறுபக்கம் பல ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணம் போடும் ஐந்து ஃபண்டுகள். இண்டெக்ஸ் ஃபண்ட் மொத்தம் 125.8% ஏறியது, ஐந்தில் சிறந்தது 87.7%. அவற்றில் இரண்டு அடுக்குக் கட்டணம் என்பதையும் சொல்ல வேண்டும். ஹெட்ஜ் ஃபண்டின் வேலை ஏற்றத்தில் முந்துவது அல்ல, ஆட்டத்தைக் குறைப்பது என்பார்கள். அது நியாயமான வாதம். ஆனால் எளிதில் விற்க முடியாத சொத்துகளுக்கு மாதக் கடைசியில் மதிப்பீட்டு விலை போடும் ஃபண்டில், ஆட்டம் குறைவாகத் தெரிவது அந்த மதிப்பீட்டாலேயே இருக்கலாம்.

மேனேஜர்களின் பலம் எது, பலவீனம் எது?

வாங்குவதில் நிஜமாகவே திறமை தெரிகிறது. விற்பதில் இல்லை. சராசரியாக 57 கோடி டாலர் அளவுள்ள 783 நிறுவனப் போர்ட்ஃபோலியோக்களின் ஒவ்வொரு வர்த்தகத்தையும் அலசிய ஓர் ஆய்வு 2023இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் வெளியானது. அவர்கள் வாங்கிய பங்குகள் பெஞ்ச்மார்க்கை ஜெயித்தன. விற்றவை? கையில் இருந்தவற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை விற்றிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

காரணம் கவனம். வாங்கும் முடிவுக்குப் பின்னால் வாரக்கணக்கில் வேலை இருக்கிறது: மாடல், நிறுவனத்தாரோடு சந்திப்பு, குழு விவாதம். விற்பது பெரும்பாலும் அடுத்ததை வாங்கப் பணம் தேவைப்படுவதால் நடக்கிறது. அவசரத்தில் கண்ணில் படுவது மிக ஏறியதும் மிக இறங்கியதும்தான்; நடுவில் கிடக்கும் பங்குகளை யாரும் தொடுவதில்லை. அதே மேனேஜர்கள், அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளியாகும் நாளையொட்டி விற்றபோது முடிவுகள் நன்றாக இருந்தன. அன்றைக்கு அந்தப் பங்கைப் பற்றிப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நஷ்டத்தில் இருப்பதை விற்கத் தயங்குவதும் உண்டு. மேனேஜர் மாறியதும் புதியவர் முதலில் செய்வது, பழையவர் விட்டுப்போன நஷ்டப் பங்குகளை விற்பது. பங்கு அதேதான், தகவலும் அதேதான்; அது தன் தப்பு இல்லை என்பதால் புதியவருக்குக் கை வருகிறது.

சில நிறுவனங்கள் செய்யும் பரிகாரம்: வாங்கும்போதே எந்தெந்தக் காரணம் பொய்யானால் விற்பது என்று எழுதி வைப்பது, காலாண்டுக்கு ஒருமுறை எல்லாப் பங்குகளையும், முக்கியமாக நடுவில் கிடப்பவற்றை, ‘இன்று பணமாக இருந்தால் இதை வாங்குவோமா’ என்று கேட்பது, விற்ற பங்குகளை ஒரு வருடம் பின்தொடர்ந்து கணக்கு வைப்பது. மூன்றாவதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஒரு மேனேஜரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால், விற்றவற்றின் கணக்கைக் கேளுங்கள்.

காலாண்டுக் கடைசியில் ஏதாவது தில்லுமுல்லு நடக்குமா?

இரண்டு பழக்கங்கள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. கையில் உள்ள பங்குகளின் பட்டியலை வெளியிடும் தேதிக்கு முன், அசிங்கமாகத் தெரியும் நஷ்டப் பங்குகளை விற்றுவிடுவது ஒன்று. மற்றது மோசமானது: கடைசி வர்த்தக நாளின் கடைசி நிமிடங்களில், ஏற்கனவே வைத்திருக்கும் பங்கையே மேலும் வாங்கி விலையைத் தூக்கி என்ஏவியை உயர்த்துவது. 2002இல் வெளியான ஆய்வில், காலாண்டின் கடைசி நாளில் ஏற்றமும் அடுத்த நாளே இறக்கமும் தெளிவாகத் தெரிந்தன. இது சந்தையை ஏமாற்றும் வேலை.

ஆக்டிவ் ஃபண்ட் (பங்குகளைப் பொறுக்கி எடுக்கும் ஃபண்ட்) என்று பெயர் வைத்துக்கொண்டு குறியீட்டையே வைத்திருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது?

ஆக்டிவ் ஷேர் கணக்கிடுங்கள். ஃபண்ட் பெஞ்ச்மார்க்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்ட, மார்ட்டைன் கிரமர்ஸ், அன்ட்டி பெடஜிஸ்டோ இருவரும் 2009இல் முன்வைத்த அளவு இது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பெஞ்ச்மார்க்கில் நான்கு பங்குகள்: அ 40%, ஆ 30%, இ 20%, ஈ 10%. ஃபண்டில் அ 35%, ஆ 30%, இ 15%, ஈ இல்லை, வெளியிலிருந்து உ 20%. வித்தியாசங்கள் 5, 0, 5, 10, 20, கூட்டினால் 40, பாதி 20%. அதாவது 80% பணம் குறியீடேதான்.

இனி கட்டணத்தைப் பாருங்கள். ஃபண்டின் செலவு 1.5%, இண்டெக்ஸ் ஃபண்ட் 0.2%க்குக் கிடைக்கிறது. குறியீட்டை ஒத்த 80%க்கு 0.16% போக, மீதி 1.34% முழுவதும் அந்த 20%க்கான விலை. உண்மையில் வேறுபடும் பணத்துக்கு நீங்கள் வருடம் 6.7% கட்டுகிறீர்கள்.

ஆக்டிவ் ஷேர் 60%க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம் என்பது வழக்கம். ஆனால் சில பங்குகளிலேயே எடை குவிந்த குறியீட்டில் இந்த அளவு இயல்பாகவே குறையும், சிறிய நிறுவனக் குறியீட்டில் இயல்பாகவே ஏறும். ஒரே பெஞ்ச்மார்க் உள்ள ஃபண்டுகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். அதிக ஆக்டிவ் ஷேர் தைரியத்தைக் காட்டும். சரியான முடிவு என்று காட்டாது.

போர்ட்ஃபோலியோ பட்டியலை வைத்து மேனேஜரின் நடத்தையை எப்படிப் படிப்பது?

குறைந்தது எட்டுக் காலாண்டுப் பட்டியல்களை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, எடைகளை ஒப்பிடுவது. ஒரு பங்கின் எடை 4%இலிருந்து 5% ஆனால் அவர் வாங்கினார் என்று அர்த்தமில்லை; விலை ஏறியிருக்கலாம். பங்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். போனஸ், ஸ்ப்ளிட் (நிறுவனமே பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது) வந்திருந்தால் முந்தைய எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே இரவில் இரண்டு மடங்கு வாங்கியதாகத் தெரியும். எல்லாப் பங்குகளின் எண்ணிக்கையும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் அது முடிவே அல்ல, புதிதாக வந்த பணத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அந்த விகிதத்திலிருந்து விலகியவைதான் அவருடைய முடிவுகள். அவற்றை மட்டும் தனியாக எழுதி, விலை ஏறிய பின் வாங்கினாரா, இறங்கும்போது வாங்கினாரா, அவர் பேட்டியில் சொல்லும் பாணியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பிறகு, காலாண்டுத் தொடக்கத்தில் இருந்த பங்குகளை அப்படியே வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, செலவைக் கழித்து, ஃபண்டின் உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுங்கள். உண்மை வருமானம் தொடர்ந்து கீழே இருந்தால், இடையில் செய்த வர்த்தகங்கள் பணத்தைத் தின்கின்றன. 2008இல் வெளியான ஆய்வில், இந்த இடைவெளி மோசமாக இருந்த ஃபண்டுகள் பின்னாளிலும் மோசமாகவே செய்தன. ஃபண்டைப் பற்றி முன்கூட்டி ஏதாவது சொல்லும் அளவுகள் மிகச் சில. செலவு விகிதத்துக்கு அடுத்து இதைச் சேர்க்கலாம்.

மேனேஜர் மாறிவிட்டார், அல்லது மூன்று வருடமாகப் பின்தங்குகிறார். வெளியேறலாமா?

பின்தங்கியதை மட்டும் காரணமாக வைத்து வேண்டாம். அமித் கோயலும் சுனில் வாஹலும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வூதிய நிதி போன்ற சுமார் 3,400 அமைப்புகள் 1994 முதல் 2003 வரை மேனேஜர்களை வைத்ததையும் நீக்கியதையும் பார்த்தார்கள். புதிதாக வைத்தவர்கள், வைப்பதற்கு முந்தைய மூன்று வருடம் நன்றாக ஜெயித்தவர்கள். வைத்த பிறகு கூடுதல் வருமானம் ஏறத்தாழ பூஜ்யம். நீக்கப்பட்டவரிடமே விட்டிருந்தால் நஷ்டம் எதுவும் வந்திருக்காது. ஆலோசகர்களும் குழுக்களும் உள்ள இடங்களின் கதை இது.

வெளியேறச் சரியான காரணங்கள் வேறு: கட்டணம் ஏறியது, ஃபண்ட் அளவு இரண்டு வருடத்தில் பல மடங்கானது, பாணி மாறியது, அதற்குக் காரணம் சொல்லவில்லை, ஆக்டிவ் ஷேர் படிப்படியாகக் குறைகிறது. மேனேஜர் மாறினால் அடுத்த இரண்டு காலாண்டுப் பட்டியல்களை எண்ணிக்கை முறையில் படியுங்கள். பழைய நஷ்டப் பங்குகளை மட்டும் விற்றிருந்தால் அது வழக்கமான சுத்தம். பெரிய எடையுள்ள பத்துப் பங்குகளில் பாதிக்கு மேல் மாறியிருந்தால், பழைய வரலாற்று வரைபடம் வேறொருவருடையது. இதைப் புது ஃபண்டாக வைத்து, இன்று புதிதாகப் பணம் போடுவீர்களா என்று பார்த்து முடிவெடுங்கள். வெளியேறும் கட்டணத்தையும் லாபத்துக்கான வரியையும் முதலில் கணக்குப் போடுங்கள். அவை 3% ஆகி, மாறப்போகும் ஃபண்டின் செலவு வருடத்துக்கு 1% குறைவு என்றால், மாறியது லாபமாகத் தொடங்கவே மூன்று வருடம் ஆகும்.